"ஒரு கட்டை ஏற்று" என்றால் எவ்வளவு?

சுருதி மாற்றுவது பற்றிச் சேலம், ஏற்காடு பக்கத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். ஆர்மோனியம் முதல் பேண்டு செட் வரை எல்லாத் தரப்பும் இதில் இருக்கிறது.

பஜனையில் 3 கட்டையில் பாடிக்கொண்டிருந்தவர் "ஒரு கட்டை ஏற்று" என்றார். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை 2 முறை அழுத்தினேன். "இவ்வளவு வேண்டாம்" என்று கையைக் காட்டினார். ஒரு கட்டை என்றால் 2 செமிடோன்தானே?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. செமிடோன் என்பது கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து அடுத்த கட்டைக்குள்ள தூரம். கட்டை வெள்ளைக் கட்டைகளை எண்ணி வந்த கணக்கு. சி 1, டி 2, ஈ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. நடுவிலுள்ள கறுப்புக் கட்டைகள் அரை: சி ஷார்ப் 1½, டி ஷார்ப் 2½, எஃப் ஷார்ப் 4½, ஜி ஷார்ப் 5½, ஏ ஷார்ப் 6½. ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்பு கிடையாது. அதனால் 3½ கட்டை என்று ஒன்று இல்லை. பி-க்கும் சி-க்கும் நடுவிலும் கிடையாது, 7½-உம் இல்லை. ஆக 1-லிருந்து 2-க்குப் போனால் 2 செமிடோன். 3-லிருந்து 4-க்குப் போனால் ஒன்றே ஒன்று. உங்கள் பாடகர் கேட்டது எஃப், நீங்கள் கொடுத்தது எஃப் ஷார்ப், அதாவது 4½.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. 3-ல் பாடுகிறவர் "அரைக் கட்டை ஏற்று" என்றாலும் போய் நிற்கும் இடம் அதே 4-தான். எனவே மேடையில் "எத்தனை கட்டை ஏற்றட்டும்?" என்று கேட்காதீர்கள். "எந்தக் கட்டைக்கு?" என்று கேளுங்கள். பதில் ஒரு எண்ணாக வந்துவிடும், சண்டை வராது.

பட்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிரான்ஸ்போஸ் +1-ல் இருக்கும்போது நீங்கள் டி-யை அழுத்தினால் கேட்பது டி ஷார்ப். பக்கத்தில் கிட்டார்காரர் "என்ன சுருதி?" என்று கேட்டால் விரல் இருக்கும் இடத்தைச் சொல்லக்கூடாது, காதில் விழுவதைச் சொல்லவேண்டும். பாட்டு முடிந்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் பழக்கம் இல்லாவிட்டால் அடுத்த பாட்டின் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

ஆர்மோனியத்தில் 1 கட்டையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை வாசிக்கத் தெரியும். மகள் 5½-ல் பாடுகிறாள். அவளுக்கு வாசிக்க முயன்றால் ரிஷபத்திலேயே விரல் தடுமாறுகிறது. சாதாரண ஆர்மோனியம், ஸ்கேல் சேஞ்சர் இல்லை.
– வாசகி, அஸ்தம்பட்டி

ஸ்கேல் சேஞ்சர் (கட்டை வரிசையையே நகர்த்திச் சுருதி மாற்றும் ஆர்மோனியம்) வாங்கவேண்டாம். விரல் பழகியிருப்பது "வெள்ளை, கறுப்பு, வெள்ளை, வெள்ளை" என்ற வண்ணத்துக்கு. அதை மறந்துவிட்டு, ஸட்ஜத்திலிருந்து ஒவ்வொரு ஸ்வரமும் எத்தனை கட்டை தள்ளி இருக்கிறது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். கறுப்பு வெள்ளை பார்க்காமல் எல்லாக் கட்டையையும் சேர்த்து எண்ணவேண்டும்.

சரளி வரிசைக்குரிய மாயாமாளவகௌளையில் ஸ பூஜ்யம் என்றால் ரி 1, க 4, ம 5, ப 7, த 8, நி 11, மேல் ஸ 12. 1 கட்டையில் இது சி, சி ஷார்ப், ஈ, எஃப், ஜி, ஜி ஷார்ப், பி, சி. இதே எண்களை 5½-லிருந்து எண்ணினால் ஜி ஷார்ப், ஏ, சி, சி ஷார்ப், டி ஷார்ப், ஈ, ஜி, ஜி ஷார்ப். காகிதத்தில் ஒருமுறை எழுதி ஆர்மோனியத்தின் மேல் வையுங்கள். நாலு நாளில் தேவைப்படாது.

விரலுக்கு இப்படி வைத்துப் பாருங்கள்: ஸ ஆள்காட்டி, ரி நடுவிரல், க-வுக்குக் கட்டைவிரலை அடியில் நுழைத்து சி-யில், ம ஆள்காட்டி, ப நடுவிரல், த மோதிரவிரல், நி-க்கு மறுபடி கட்டைவிரல் ஜி-யில், மேல் ஸ ஆள்காட்டி. கட்டைவிரல் விழும் இரண்டு இடமும் வெள்ளையாக அமைவதுதான் இதன் சௌகரியம். கட்டைவிரலைக் கறுப்பில் வைத்தால் கை முன்னால் தள்ளப்பட்டு மற்ற விரல்கள் கட்டைகளின் இடுக்கில் சிக்கும். உங்கள் தடுமாற்றத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணமாயிருக்கும்.

சரியாக வந்ததா என்று பார்க்க முழு வரிசை வாசிக்கவேண்டியதில்லை. ஸ–ரி, க–ம, ப–த, நி–ஸ என்ற நாலு ஜோடிகளும் ஒட்டிய கட்டைகளாக இருக்கவேண்டும். எந்த ஜோடிக்கு நடுவில் ஒரு கட்டை விட்டுப்போகிறதோ அங்கேதான் தப்பு.

மோகனத்தை 4½-ல் கறுப்புக் கட்டைகளிலேயே வாசித்துவிடலாம் என்று கற்றுக்கொண்டேன். அதே கறுப்புக் கட்டைகளை 1½-ஐ ஸட்ஜமாக வைத்து வாசித்தால் வேறு ராகம் போல ஒலிக்கிறதே?
– மாணவர், அம்மாப்பேட்டை

போல என்ன, வேறு ராகமேதான். சுத்த சாவேரி.

நீங்கள் செய்தது சுருதி மாற்றம் இல்லை, கிரகபேதம். சுருதி மாற்றத்தில் ஸட்ஜம் நகரும்போது எல்லா ஸ்வரங்களும் அதே தூரம் கூடவே நகரும், இடைவெளிகள் மாறாது, ராகமும் மாறாது. கிரகபேதத்தில் ஸ்வரங்கள் அப்படியே நிற்க, ஸட்ஜம் என்ற பெயர் மட்டும் வேறொரு ஸ்வரத்துக்குப் போகிறது. பழந்தமிழிசையில் பாலை திரிதல் என்றது இந்த வித்தையைத்தான்.

ஐந்து கறுப்புக் கட்டைகளில் ஒவ்வொன்றையும் ஸட்ஜமாக வைத்து, கீழே ஒரு சுருதிப் பெட்டியையும் அந்தந்த ஸட்ஜத்துக்கு மாற்றி வாசித்துப் பாருங்கள். 4½-ல் மோகனம், 5½-ல் மத்தியமாவதி, 6½-ல் ஹிந்தோளம், 1½-ல் சுத்த சாவேரி, 2½-ல் சுத்த தன்யாசி. சுருதிப் பெட்டியை மாற்றாமல் 4½-லேயே விட்டுவிட்டால் காது மோகனத்தை விட்டு வெளியே வராது. நிறையப் பேர் இதில் ஏமாந்து "வித்தியாசமே தெரியலையே" என்பார்கள்.

1½-ல் மோகனமேதான் வேண்டுமென்றால் பூஜ்யம், 2, 4, 7, 9 என்று எண்ணுங்கள். சி ஷார்ப், டி ஷார்ப், எஃப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப். கறுப்பு எஃப் ஷார்ப்பை விட்டுப் பக்கத்து வெள்ளை எஃப்-ஐத் தொட்டால் போதும், அந்த ஒரு கட்டைதான் வித்தியாசம்.

பேண்டு செட்டில் டிரம்பெட், கிளாரினெட், ஆல்டோ சாக்ஸபோன் இருக்கின்றன. ஆடித் திருவிழாவுக்குக் கீபோர்டையும் சேர்த்தோம். அவர் "2 கட்டை, டி" என்றார். எல்லோரும் டி பிடித்தோம். ஊரே திரும்பிப் பார்த்தது, நல்லவிதமாக அல்ல.
– பேண்டு வாத்தியக்காரர், சேலம் குகை

மூன்று விதமான டி ஒரே நேரத்தில் ஒலித்திருக்கும். திரும்பிப் பார்க்காமல் என்ன செய்வார்கள்?

டிரம்பெட்டும் கிளாரினெட்டும் பொதுவாக பி பிளாட் வாத்தியங்கள். அவற்றில் சி என்று விரல் பிடித்தால் வெளியே கேட்பது பி பிளாட் (ஏ ஷார்ப்பின் இன்னொரு பெயர், 6½), அதாவது 2 செமிடோன் கீழே. ஆல்டோ சாக்ஸபோன் ஈ பிளாட் (டி ஷார்ப்பின் இன்னொரு பெயர், 2½) வாத்தியம். அதில் சி பிடித்தால் கீழே இருக்கும் ஈ பிளாட் கேட்கும், 9 செமிடோன் கீழே. எனவே கீபோர்டுக்காரர் சொல்வதோடு டிரம்பெட், கிளாரினெட்காரர்கள் 2 கூட்டிக்கொள்ளவேண்டும். ஆல்டோ 9 கூட்டவேண்டும். 9 எண்ணுவது தொல்லை என்றால் 3 குறையுங்கள், அதே பெயருள்ள ஸ்வரம்தான் வரும், ஒரு ஸ்தாயி கீழே. டெனார் சாக்ஸபோன் சேர்ந்தால் அதுவும் பி பிளாட்தான், ஆனால் டிரம்பெட்டைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும்.

அன்றைய 2 கட்டைக்கு டிரம்பெட் ஈ-யிலும் ஆல்டோ பி-யிலும் வாசித்திருக்கவேண்டும். மேஜர் ஸ்கேலில் ஈ என்றால் 4 ஷார்ப், பி என்றால் 5 ஷார்ப். நடந்துகொண்டே வாசிக்கிறவர்களிடம் இதைக் கேட்பது பாவம். கீபோர்டுக்காரரை அரைக் கட்டை நகரச் சொல்லியிருந்தால் கதையே வேறு. 2½ கட்டையில் டிரம்பெட்டுக்கு எஃப், ஒரே ஒரு பிளாட். ஆல்டோவுக்கு சி, ஒன்றுமே இல்லை. 6½ கட்டையில் டிரம்பெட்டுக்கு சி, ஆல்டோவுக்கு ஜி. பேண்டு இசைக்காரர்கள் பி பிளாட்டையும் ஈ பிளாட்டையும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். கீபோர்டுக்குப் பட்டன் இருக்கிறது, டிரம்பெட்டுக்கு மூன்று வால்வுதான் இருக்கிறது. யார் விட்டுக்கொடுக்கவேண்டும் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

எழுதி வைத்து வாசிக்கிறவர்கள் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியே எழுதுங்கள். தாளின் தலையில் வாத்தியத்தின் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். ஆல்டோ தாளைக் கிளாரினெட்காரர் எடுத்துப் போய்விட்டால் ஒத்திகையில் அரை மணி நேரம் காரணம் தேடவேண்டியிருக்கும்.

இத்தனையும் செய்தபிறகு ஒரு நூலிழை சேராமல் இருந்தால் அது சுருதி மாற்றப் பிரச்சினை இல்லை, டியூனிங். டிரம்பெட்டில் பெரிய ஸ்லைடை வெளியே இழுத்தால் இறங்கும். கிளாரினெட்டில் பேரலைச் சற்றே வெளியே இழுக்கவேண்டும். சாக்ஸபோனில் மவுத்பீஸை கார்க்கில் முன்பின் நகர்த்துங்கள். இவற்றால் கொஞ்சம் சரிசெய்யலாம். அரைக் கட்டையை இப்படிச் சமாளிக்கப் பார்த்தால் ஒரு ஸ்வரம் சேரும், மற்றவை விலகும்.

ஆலயப் பாடல் குழுவில் ஒரு பாடல் ஜி மேஜரில் இருக்கிறது. மேலே ஈ வரும் இடத்தில் வயதானவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். எவ்வளவு இறக்கலாம்? இறக்கி எழுதியபோது ஓரிடத்தில் சுரம் தவறாக ஒலிக்கிறது. கிட்டாரும் உண்டு.
– பாடல் குழுப் பொறுப்பாளர், ஏற்காடு

முதலில் பாடலின் மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டையும் குறியுங்கள். சபையாக, பயிற்சியில்லாமல் பாடுகிறவர்களுக்கு, அதுவும் காலை ஆராதனையில், மேலே சி, மிஞ்சினால் டி. ஈ-யைச் சி-க்குக் கொண்டுவர 4 செமிடோன் இறக்கவேண்டும். ஜி-யிலிருந்து 4 இறங்கினால் ஈ பிளாட். கீழ் எல்லையையும் பாருங்கள். கீழே டி வரை போகிற பாடலானால் அது பி பிளாட் ஆகும், பெண்களுக்கு அது எட்டும். அதற்கும் கீழே போகுமானால் 3 மட்டும் இறக்கி ஈ-யில் வைத்துக்கொள்ளலாம். அப்போது மேல் எல்லை சி ஷார்ப்.

உங்களிடம் இருப்பது டானிக் சோல்ஃபா புத்தகமானால் வேலை முடிந்தது. தலைப்பில் கீ ஜி என்பதை அடித்துவிட்டு ஈ பிளாட் என்று எழுதுங்கள். டோ, ரே, மி எதுவும் மாறாது. நம் ஸரிகம போலவே அதுவும் தூரத்தை எழுதும் முறை.

ஸ்டாஃப் முறையில் எழுதியிருந்தால், நீங்கள் சொன்ன அந்தத் தப்பு அநேகமாக ஒரு நேச்சுரல் குறியில் இருக்கும். ஜி மேஜரில் எஃப் ஷார்ப் இயல்பு. அங்கே எஃப் நேச்சுரல் வந்தால் ஏழாவது ஸ்வரத்தை அரை இறக்கியிருக்கிறார்கள் என்று பொருள். ஈ பிளாட்டில் ஏழாவது ஸ்வரம் டி. அதை அரை இறக்கினால் டி பிளாட். குறியை அப்படியே நகலெடுத்து டி நேச்சுரல் என்று போட்டிருப்பீர்கள், அது வெறும் டி-யாகவே ஒலிக்கும், இறங்கவே இறங்காது. நகலெடுக்கவேண்டியது குறியை அல்ல. அது அந்த ஸ்வரத்தை ஏற்றுகிறதா, இறக்குகிறதா என்பதைப் பார்த்துப் புதிய இடத்துக்குத் தகுந்த குறியைப் போடவேண்டும்.

கார்டுகள்: ஜி, ஈ மைனர், சி, ஏ மைனர், டி7 என்பவை ஈ பிளாட், சி மைனர், ஏ பிளாட், எஃப் மைனர், பி பிளாட்7 ஆகும். கிட்டாரில் இவற்றைப் பிடித்து விரல் நோகவேண்டாம். மூன்றாம் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டு சி, ஏ மைனர், எஃப், டி மைனர், ஜி7 வாசியுங்கள். எஃப் பிடிக்கச் சிரமப்படுகிறவர் முதல் ஃபிரெட்டில் கேப்போ போட்டு டி கார்டுகளிலிருந்து தொடங்கலாம். ஃபிரெட் கம்பியை ஒட்டிப் பின்னால் கேப்போ அமரவேண்டும். தள்ளி வைத்தால் தந்தி இழுபட்டுச் சுருதி ஏறும். போட்டபிறகு ஒருமுறை டியூன் பாருங்கள்.

நாலு குரலில் பாடும் வழக்கம் இருந்தால் பேஸ் குரலை மறந்துவிடாதீர்கள். அங்கே கீழ் ஜி இருந்தால் அது ஈ பிளாட்டுக்கு இறங்கி, பெரும்பாலான ஆண்களுக்குக் காற்று மட்டும்தான் வரும். அந்த ஓரிரு ஸ்வரங்களை மட்டும் ஒரு ஸ்தாயி மேலே எழுதிக் கொடுங்கள்.

சேலத்தில் சுருதிப் பெட்டியோடு அச்சாகச் சேரும் 5 கட்டைப் புல்லாங்குழல், ஏற்காடு கோடை விழா மேடையில் இறங்கி ஒலித்தது. கூட வாசித்த கிட்டார் ஏறியிருந்தது. மலையின் உயரமா காரணம்?
– வாசகர், சூரமங்கலம்

உயரம் இல்லை, குளிர். காற்றின் அழுத்தம் குறைவதால் ஒலியின் வேகம் மாறாது, வெப்பநிலை குறைவதால் மாறும். குழலின் சுருதியை நிர்ணயிப்பது அதனுள் இருக்கும் காற்றில் ஒலி போகும் வேகம். ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 3 சென்ட், அதாவது ஒரு செமிடோனில் 100-ல் 3 பங்கு. கீழே 33 டிகிரி, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் மாலையில் 18 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 15 டிகிரிக்கு 45 சென்ட். ஏறக்குறைய கால் கட்டை. உங்கள் மூச்சின் சூடு உள்ளே இருப்பதால் வாசிக்க வாசிக்க இது குறையும். ஆனால் தனி ஆவர்த்தனம் முடியும்வரை கையில் வைத்திருந்துவிட்டு எடுத்து ஊதினால் மறுபடி இறங்கியிருக்கும்.

கிட்டாருக்கு நேர் எதிர். குளிரில் எஃகுத் தந்தி சுருங்கி இறுகுகிறது, சுருதி ஏறுகிறது. இரண்டும் எதிரெதிராக நகர்வதால் இடைவெளி பெரிதாகக் கேட்டிருக்கும். மூடுபனியில் மிருதங்கத் தோல் ஈரம் வாங்கித் தளர்வது தனிக் கதை.

இதற்கு டிரான்ஸ்போஸ் பட்டன் மருந்தில்லை, அது ஒரே தாவலாக 100 சென்ட் தாண்டும். மேடைக்கு அரை மணி முன்பே வாத்தியங்களை உறையிலிருந்து எடுத்து அங்கேயே வையுங்கள். குழலின் துளைகளை எல்லாம் மூடிக்கொண்டு சத்தமில்லாமல் சில நிமிடம் மூச்சு விட்டுச் சூடாக்குங்கள். வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைத்துச் சூடேற்றாதீர்கள், மூங்கில் வெடித்துவிடும். ஊதும்போது குழலை உதட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சற்றே உருட்டினால் கொஞ்சம் ஏறும், ஆனால் கச்சேரி முழுக்க அப்படி வாசித்தால் நாதம் காற்றடித்துப் போகும். மிச்சமிருப்பதற்கு மற்றவர்கள்தான் இறங்கி வரவேண்டும். சுருதிப் பெட்டியில் நுண்சுருதித் திருகு இருக்கிறது. கீபோர்டில் டியூன் என்ற தனி அமைப்பு இருக்கும், வழக்கமாக 440-ல் நிற்கும். 20 சென்ட் இறக்க 435, 30 சென்ட் இறக்க 432½ வாக்கில் வையுங்கள். குழலைச் சூடாக்கியபிறகே இதைச் செய்யவேண்டும், முன்பே செய்தால் இரண்டாவது உருப்படியில் எல்லாம் தலைகீழாகும்.

பெண் குரலில் 5½ கட்டையில் இருக்கும் பாட்டின் கரோக்கியை என் 1½ கட்டைக்கு மாற்றவேண்டும். 7 இறக்கினால் டிராக் குழறுகிறது.
– மெல்லிசைப் பாடகர், ஆத்தூர்

5 ஏற்றுங்கள். ஜி ஷார்ப்பிலிருந்து 7 இறங்கினாலும் 5 ஏறினாலும் வந்து சேர்வது சி ஷார்ப்தான், நீங்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடிக்கொள்ளலாம். 5-உம் அதிகம்தான், வயலின் கீச்சிடும். இரண்டு மூன்றுக்குள் முடிந்தால்தான் டிராக் டிராக்காக இருக்கும். அது முடியாதென்றால் 2½ கட்டையில் வைத்துப் பாடிப் பார்க்க முடியுமா என்று பாருங்கள், அது 5 இறக்கம். இறக்கத்தில் தாளவாத்தியம் மந்தமாகும், ஆனால் கீச்சிடலைவிடத் தாங்கலாம். ஒன்று கவனியுங்கள்: வேகத்தைக் கூட்டிச் சுருதி ஏற்றும் பழைய முறையில் ஒரு செமிடோனுக்கு வேகம் 6 சதவீதம் கூடும். செயலியில் "சுருதி" என்றும் "வேகம்" என்றும் இரண்டு தனித் தனி அமைப்பு இருக்கிறதா என்று பார்த்துப் பயன்படுத்துங்கள்.

கச்சேரியில் சில பாடல்களுக்குத் தம்புராவில் ஒரு தந்தியை மாற்றிச் சேர்க்கிறார்களே, அப்போது சுருதியே மாறுகிறதா?
– வாசகி, ஓமலூர்

மாறுகிறது. மத்திம சுருதி என்பார்கள். புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி, செஞ்சுருட்டி போன்றவை மேல் ஸட்ஜத்துக்குப் போகாமல், நிஷாதத்துக்குள் நின்று மந்தரத்தில் அதிகம் உலவுபவை. வழக்கமான சுருதியில் பாடினால் குரல் அடியிலேயே கிடக்கும். எனவே மத்தியமத்தையே ஸட்ஜமாக வைத்துக்கொண்டு பாடுகிறார்கள், 5 செமிடோன் ஏறுகிறது. 5 கட்டையில் பாடுகிறவருக்கு ஜி ஸட்ஜம், மத்தியமம் சி. பஞ்சமத் தந்தியை டி-யிலிருந்து சி-க்கு இறக்கிவிட்டால் தம்புராவில் சி-யும் ஜி-யும் ஒலிக்கும். சி-யை ஸட்ஜமாகக் கேட்டால் பழைய ஸட்ஜமான ஜி இப்போது பஞ்சமம். ஒரு தந்தியை மட்டும் தொட்டால் போதுமானது அதனால்தான்.

ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடும் பஜனைக்கு ஒரே சுருதி எது?
– பஜனைக் குழு, மேட்டூர்

பாட்டு ஸட்ஜத்திலிருந்து மேல் காந்தாரம் வரை போகுமானால் 6½. ஆண்கள் கீழ் ஸ்தாயியிலும் பெண்கள் மேல் ஸ்தாயியிலும் பாட, பெண்களுக்கு உச்சி டி-யில் நிற்கும். ஆண்களுக்குப் பிடித்த 1½-ல் வைத்தால் பெண்கள் எஃப் வரை ஏறவேண்டும், இரண்டாவது பாட்டிலேயே பாதிப்பேர் கைதட்ட மட்டும் செய்வார்கள். மந்தர பஞ்சமத்துக்கு இறங்கும் பாட்டானால் 6½ ஆண்களுக்கு ஆகாது, 1 அல்லது 1½-க்கே போய்விடுங்கள்.